மழை பெய்தால் விடுமுறை வீணா?

வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர்களிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், அநேகமாக இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். "நல்ல வெயில், எல்லா இடமும் பாத்தம்" என்பது ஒன்று. "ஒரே மழை, ஒண்டும் பாக்கக் கிடைக்கல்ல" என்பது மற்றையது. இந்த இரண்டாவது பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. பார்க்க வேண்டியவை எவையென வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் மழை எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. நாட்டுப்புறத்திற்குச் செல்லும் ஒரு விடுமுறையைக் கெடுப்பவை இரண்டு என்பேன். ஒன்று, ஆயத்தம் இல்லாமல் போவது. மற்றையது, மழை நாளின் வேலை முழுவதையும் வீட்டிலுள்ள பெண்களின் தலையில் வைத்துவிட்டு, ஏனையோர் யன்னலைப் பார்த்துக் கொட்டாவி விடுவது. இவ்விரண்டும் இல்லையென்றால் மழை விடுமுறை வெயில் விடுமுறைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பதே எனது கருத்து.

வெறுமனே கற்பனையில் இதைச் சொல்லவில்லை. கடந்த ஒகஸ்ட் விடுமுறையில் எங்கள் குடும்பம் இங்கிலாந்திலுள்ள மாமாவிடம் சென்றது. உம்மாவின் தம்பியான அவர் பர்மிங்ஹாமில் வசிக்கிறார். அவர்கள் குடும்பமும் நாங்களுமாக ஒன்பது பேர், வடமேற்கு இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரிப் பிரதேசத்தில், ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு நாட்கள் தங்கினோம். அந்த ஆறில் நான்கு நாட்கள் மழை. வீசா, விமானச் சீட்டு, வீட்டு வாடகை என்று வாப்பா எத்தனை மாதம் சேர்த்த பணம் அது என்று எனக்குத் தெரியும். எனவே அந்த நான்கு நாட்கள் வீணா இல்லையா என்பது எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கேள்வியல்ல.

முதலில் மழையைப் பற்றியே பேசுவோம். ஏரிப் பிரதேசத்தில் மழை பெய்வது துரதிர்ஷ்டம் அன்று. அதுதான் அந்த இடத்தின் இயல்பு. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்று அங்குள்ள மலைகளில் மோதுகிறது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 978 மீற்றர். நமது பிதுருதலாகலையோடு ஒப்பிட்டால் அது பாதி உயரம்கூட இல்லை. ஆனால் காற்றை மேலே தள்ளி மழையாக்குவதற்கு அந்த உயரம் போதும். நாங்கள் தங்கியிருந்த பொரோடேல் பள்ளத்தாக்கின் தலைப்பக்கத்தில் சீத்வெயிட் என்றொரு சிறிய குக்கிராமம் உண்டு. இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிகமாக மழை பெறும் இடம் அதுதான் என்பார்கள். இலண்டனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழை பெய்கிறதென்றால், சீத்வெயிட்டில் அது 3,000 மில்லிமீற்றரை நன்றாகத் தாண்டிவிடும்.

புவியியல் படிக்கும் தோழியருக்கு இது புதிதாக இராது. நமது நாட்டிலும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மோதுவதால்தான் ஈரவலயம் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிறது. மேற்குச் சரிவுகளில் சில இடங்களில் அது 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுகிறது. அந்த மழை இல்லையென்றால் தேயிலை இல்லை, மகாவலி இல்லை. அங்கும் அப்படித்தான். பனியுகத்தில் பனிக்கட்டியாறுகள் குடைந்துவைத்த பள்ளத்தாக்குகளை ஏரிகளாக நிரப்பிவைத்திருப்பது மழைதான். படங்களில் நாம் பார்த்து வியக்கும் அந்தப் பச்சையும் மழை கொடுத்ததுதான். ஏரியையும் பச்சையையும் பார்க்கப் போய்விட்டு மழை வேண்டாம் என்பது, அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிப்போம் என்று கரையில் உட்கார்ந்திருப்பது போன்றது.

பிறகேன் நாம் சலித்துக்கொள்கிறோம்? விடுமுறை என்பதை நாம் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறோம் என்பதே காரணம் என நினைக்கிறேன். இந்த இடத்தில் ஒரு படம், அந்த இடத்தில் ஒரு படம், பின்பு குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போட வேண்டும். நுவரெலியாவுக்குப் போனாலும் இதுதான் நடக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குவது, படம் எடுப்பது, ஏறுவது. இந்தப் பட்டியல் விடுமுறைக்கு வெயில் கட்டாயம் தேவை. மூடுபனியில் மலை தெரியாவிட்டால் படம் விழாது. படம் விழாவிட்டால் அந்த இடத்திற்குப் போனதாகவே கணக்கில்லை. மழை அந்தப் பட்டியலைத்தான் அழிக்கிறது. விடுமுறை அப்படியே நம் கையில்தான் இருக்கிறது.

இனி ஆயத்தம். நமது ஊரில் மழைக்கு ஆயத்தம் என்றால் குடை. அங்குள்ள மலைக் காற்றில் குடை நிற்காது. பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். நீர் புகாத தொப்பி வைத்த மழைக்கோட்டு, நீர் புகாத சப்பாத்து, மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று சோடி காலுறைகள், இவை மூன்றும்தான் அங்கே முக்கியம். அதோடு, நம்மைப் போல நீளமாக உடுத்துபவர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். பருத்தி உடுப்பு நனைந்தால் பாரமாகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். விரைவில் காயவும் மாட்டாது, உடம்புச் சூட்டையும் எடுத்துவிடும். விரைவாகக் காயும் துணியில் அபாயாவும் அதற்கு மேல் நீளமான மழைக்கோட்டும் அணிந்தால் எந்தச் சிரமமும் இல்லை. இந்தச் சின்ன விடயங்களை யாரும் நமக்குச் சொல்வதில்லை. "பெண் பிள்ளைகள் மழைக்குள் போக வேண்டாம்" என்பது மட்டும்தான் காதில் விழுகிறது. சரியான உடுப்பு இருந்தால் அந்த அறிவுரைக்கே தேவை இருக்காது.

அதற்காக மழையில் எங்கும் ஏறலாம் என்று சொல்ல வரவில்லை. மூடுபனி இறங்கிய மலையில் பாதை ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். அங்கே வழி தவறியவர்களைத் தேடிப் போகும் மலை மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நமது பிடிவாதத்திற்காக அவர்களை நள்ளிரவில் எழுப்புவது நியாயமாகாது. மழை நாளில் உயரம் வேண்டாம்; பள்ளத்தாக்கே போதும்.

பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது? மழை நாளில்தான் முழுதாகத் தெரியும் சில விடயங்கள் இருக்கின்றன. பொரோடேலில் லொடோர் என்றொரு நீர்வீழ்ச்சி உண்டு. கெஸ்விக் நகரில் வாழ்ந்த ரொபர்ட் சதே என்ற கவிஞர் தனது பிள்ளைகளுக்காக அந்த நீர் விழும் விதத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதியதால் அது பெயர் பெற்றது. வரட்சியான நாட்களில் அங்கே போகிறவர்கள் பாறைகளை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவார்கள். மழை பெய்தால்தான் அது நீர்வீழ்ச்சி. அதேபோல ஹெர்ட்விக் என்ற அந்த மலைநாட்டுச் செம்மறியாடுகள். பிறக்கும்போது கறுப்பாக இருக்கும் குட்டிகள் வளர வளர நிறம் வெளிறிச் சாம்பல் நிறமாகின்றன. எந்த மழைக்கும் அவை ஒதுங்குவதில்லை. அவற்றின் தடித்த உரோமத்தை எத்தனை மழைத்துளி தாண்டுமென்று நின்று பார்க்க, எனக்கு ஒரு முழுப் பிற்பகல் இருந்தது. மலைச்சரிவு முழுவதும் ஓடும் கல்மதில்களில் சாந்தோ சீமெந்தோ கிடையாது. கல்மேல் கல்லாக அடுக்கியவை. நமது நெடுந்தீவின் கல்வேலிகளையும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்யும்போது அந்தக் கற்களின் இடுக்குகளில் பாசியும் சிறு பன்னங்களும் பளிச்சென்று துலங்குகின்றன. காரில் கடந்து போகிறவருக்கு அது ஒரு மதில். மெதுவாக நடக்கிறவருக்கு அது ஒரு தோட்டம்.

வெளியே போகவே முடியாத அடைமழை நாட்களும் வரும். அவற்றுக்கும் வழி உண்டு. கெஸ்விக்கில் ஒரு பென்சில் நூதனசாலை இருக்கிறது. பென்சிலுக்கு ஒரு நூதனசாலையா என்று தம்பி சிரித்தான். ஆனால் பென்சில் என்ற பொருளின் வரலாறே அந்தப் பள்ளத்தாக்கோடு பின்னிப்பிணைந்தது. 16ஆம் நூற்றாண்டில் பொரோடேலின் மலையில் தூய காரீயம் கண்டெடுக்கப்பட்டது. இடையர்கள் தங்கள் ஆடுகளுக்குக் குறியிட அதைப் பயன்படுத்தினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பின்னர் அதன் விலை ஏறியதால் சுரங்கத்திற்குக் காவல் போட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் அதைத் திருடுவோரைத் தண்டிக்கத் தனியாக ஒரு சட்டமே இயற்றினார்கள். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், எதிரி நாட்டில் அகப்படும் விமானிகள் தப்பி வருவதற்காக, உள்ளே சுருட்டிய வரைபடமும் சிறு திசையறிகருவியும் ஒளித்த பென்சில்களை அந்த ஊர்த் தொழிற்சாலையில் இரகசியமாகச் செய்தார்கள். சிரித்த தம்பிதான் அங்கிருந்து கடைசியாக வெளியே வந்தான். காரீயம் நமக்கும் அந்நியமானதல்ல. போகலையிலும் கஹட்டகஹவிலும் நம்மவர்கள் இன்றும் அதை வெட்டி எடுக்கிறார்கள்.

இனி, இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் தோழியருக்காகவே சொல்ல விரும்பும் இரண்டு பெண்களைப் பற்றி. இருவரையும் நான் அந்த மழை நாட்களில்தான் அறிந்துகொண்டேன்.

ஒருவர் பீட்ரிக்ஸ் பொட்டர். பீட்டர் என்ற முயலின் கதையை எழுதியவர் என்று நம்மில் பலருக்குத் தெரியும். 1882இல், தனது பதினாறாவது வயதில், இலண்டனிலிருந்து குடும்பத்தோடு விடுமுறைக்காக அவர் முதன்முறை ஏரிப் பிரதேசத்திற்கு வந்தார். பாடசாலைக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே படித்த பிள்ளை அவர். பின்னாளில் அவருடைய ஆர்வம் காளான்கள் பக்கம் திரும்பியது. காளான் ஈரத்தில் வளர்வது. மழையைச் சபிப்பவர்களின் கண்ணில் அது படாது. அவர் நூற்றுக்கணக்கான காளான்களை நுணுக்கமாக வரைந்தார். அவற்றின் வித்திகள் முளைப்பதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். 1897இல் அது இலண்டனின் லின்னியன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது அவரால் அங்கே இருக்க முடியவில்லை. பெண்களுக்கு அந்தக் கூட்டங்களில் இடமில்லை என்பதால் வேறொரு ஆண்தான் அவர் சார்பில் அதை முன்வைத்தார். விஞ்ஞானத்தின் கதவு அப்படி மூடியிருக்க, அவர் சிறுவர் கதைகளில் நிலைத்தார். முயலின் கதை 1902இல் வெளிவந்தது. 1905இல் ஏரிப் பிரதேசத்திலேயே ஹில் டொப் என்ற பண்ணையை வாங்கினார். பின்பு ஹெர்ட்விக் ஆடுகளை வளர்ப்பதிலேயே ஊன்றிப் போனார். 1943இல் அவர் காலமானபோது 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் அவரது விருப்பப்படி தேசிய நம்பிக்கை நிதியத்திற்குச் சென்றது. இன்று நாம் போய் நடக்கும் நிலத்தில் ஒரு பங்கு அவர் விட்டுச் சென்றது. அவரது காளான் ஓவியங்கள் அம்பிள்சைட் என்ற சிறிய நகரின் நூதனசாலையில் இருக்கின்றன. அடைமழையில் போய்ப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மற்றவர் டொரதி வேர்ட்ஸ்வேர்த். அண்ணன் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த்தை ஆங்கில இலக்கியம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். தங்கையைத் தெரிந்தவர்கள் குறைவு. 1799இன் இறுதியில் இருவரும் கிராஸ்மியரில் ஒரு சிறிய வீட்டில் குடியேறினார்கள். முன்பு சத்திரமாக இருந்த வீடு அது. தாழ்ந்த கூரை, இருண்ட அறைகள். மாடியில் ஓர் அறைக்குக் குளிர் தாங்காமல் டொரதி சுவர் முழுவதும் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டினார். இன்றும் அந்த அறை அப்படியே காட்டப்படுகிறது. 1800 முதல் 1803 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகளில் மழை வராத பக்கம் அரிது. மழை வந்தது, நடந்தோம், பாண் சுட்டேன், அண்ணனின் கவிதைகளைப் பிரதி செய்தேன் என்றுதான் அவரது நாட்கள் போகின்றன.

1802 ஏப்ரல் 15ஆம் திகதி. அண்ணனும் தங்கையும் அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையில் நடக்கிறார்கள். நல்ல நாளன்று. காற்று பலமாக வீசுகிறது, மழையும் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஏரிக்கரை நெடுகிலும் டஃபடில் மலர்கள் காற்றில் ஆடுவதை அவர்கள் காண்கிறார்கள். டொரதி அதைத் தனது நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் வில்லியம் அம்மலர்களைப் பற்றிய தனது பிரபலமான கவிதையை எழுதினார். 1807இல் அது அச்சானது. கவிதையில் கவிஞர் தனியாக நடக்கிறார். உண்மையில் அவர் தனியாக இருக்கவில்லை. பக்கத்தில் தங்கை நடந்தார்; பார்த்ததை முதலில் எழுதியவரும் அவரே. அவருடைய கிராஸ்மியர் நாட்குறிப்புகள் அவர் இருக்கும்வரை நூலாக வரவில்லை. 1855இல் அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான் உலகம் அவற்றை வாசித்தது.

இதை அண்ணன் மீதான குற்றச்சாட்டாக நான் எழுதவில்லை. வில்லியம் பெரிய கவிஞர்தான். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. மோசமான காலநிலையில் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த மலர்களை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்துவிட்டு எழுதாமல் விட்டிருந்தால் அந்த நாளின் நுட்பங்கள் மறந்திருக்கும். பாண் சுட்டுக்கொண்டும் பிரதி எடுத்துக்கொண்டும் இருந்த ஒரு பெண், வெளியே நடக்கவும் எழுதவும் எப்படியோ நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

எங்கள் பண்ணை வீட்டிற்கு வருகிறேன். நாட்டுப்புறத்தில் ஹலால் இறைச்சி கிடைக்கும் கடைகளோ ஹொட்டேல்களோ அருகில் இல்லாததால், பர்மிங்ஹாமிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். அதாவது மூன்று வேளையும் வீட்டுச் சமையல். வெயில் நாளாக இருந்தால் ஒரு வேளை பாணும் பழமுமாக வெளியே கழிந்திருக்கும். மழை பெய்ததால் ஒன்பது பேரும் வீட்டில். ஒன்பது பேருக்கும் அடிக்கடி பசித்தது. முதல் இரண்டு மழை நாட்களும் உம்மாவும் மாமியும் குசினியை விட்டு நகரவில்லை. நானும் மாமியின் மகளும் வெங்காயம் வெட்டினோம், கோப்பை கழுவினோம். வரவேற்பறையிலிருந்து "போர் அடிக்குது" என்ற குரல் வந்துகொண்டேயிருந்தது. "இன்னும் ஒரு பிளேன்டீ கிடைக்குமா" என்ற குரலும் வந்தது. மழையால் விடுமுறை கெட்டுப்போனதாகக் குறைசொன்னவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள்தான். குசினியில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது விடுமுறையாகவே தொடங்கியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மாமி ஏப்ரனைக் கழற்றி மாமாவின் கையில் கொடுத்தார். "இண்டைக்கி குசினி ஆம்புளயளுக்கு. நாங்க மழ பாக்கப் போறம்" என்றார். மாமா மாணவராக இங்கிலாந்து வந்த காலத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். வாப்பா பருப்புக் கழுவினார். நானா முட்டை பொரித்தார். நாங்கள் நான்கு பேர் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு லொடோர் வரை நடந்தோம். உம்மா மாமியின் பூட்ஸைப் போட்டிருந்தார். நீர்வீழ்ச்சியின் இரைச்சலில் யாரும் பேச முடியவில்லை. நெடுநேரம் அங்கே நின்றோம். திரும்பி வரும் வழியில் உம்மா தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு முகத்தில் தூத்தல் விழ நடந்தார். "மழைக்குள்ள சும்மா நடந்து எத்தின வருஷம் மகள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் உம்மா ஓடுவது கொடியிலிருக்கும் உடுப்பை எடுக்கத்தான். அந்தப் பயணத்தில் வாப்பா செலவழித்த பணத்திற்கு மிக நல்ல பெறுமதி கிடைத்தது அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் என்பது எனது கணிப்பு. அன்று வந்து சாப்பிட்ட பருப்பு ஆணத்தில் உப்பு கொஞ்சம் கூடத்தான். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனது கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய இரண்டு விடயங்கள் உண்டு. மழை நமது முற்றத்திலேயே இலவசமாகப் பெய்கிறதே, அதைப் பார்க்க இத்தனை இலட்சம் செலவழித்துக் கடல் கடக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மழையைத் தேடிப் போகும்படி நான் சொல்லவில்லை. போன இடத்தில் பெய்தால் அதையும் அந்த இடத்தின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும் என்கிறேன். மேலும் எல்லா மழையும் ஒன்றல்ல. நமது மழை இடியோடு வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். அங்கே இடி மின்னல் இல்லாமல் நாள் முழுவதும் மெல்லிய சாரலாக நனைத்துக்கொண்டே இருக்கும். ஊசி மழைக்கும் அடைமழைக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த வித்தியாசத்தைப் பிற நாட்டில் உணர்ந்து வருவதும் ஒரு கல்விதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மழையை இரசிப்பது, அதனால் பாதிக்கப்படாதவர்களுக்கு மட்டுமே இலகு. 2015 டிசம்பர் 5ஆம் திகதி டெஸ்மண்ட் என்ற புயலின்போது, பொரோடேலுக்கு மேலேயுள்ள ஹொனிஸ்டர் கணவாயில் 24 மணித்தியாலத்தில் 341.4 மில்லிமீற்றர் மழை பெய்தது. பிரித்தானியாவில் அது ஒரு சாதனை அளவு. கெஸ்விக் நகரின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நான் மேலே சொன்ன பென்சில் நூதனசாலையும் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டு நீண்ட காலம் மூடிக் கிடந்தது. 2017 மே மாத வெள்ளத்தில் களுத்துறையும் இரத்தினபுரியும் மாத்தறையும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஒகஸ்டில் மழை நீடித்தால் அங்குள்ள விவசாயி ஆடுமாடுகளுக்கான வைக்கோலைக் காயவைக்க முடியாமல் தவிப்பார். அவரது கவலைக்கு முன்னால் "எங்கட ட்ரிப் பழுதாப்போச்சு" என்பது மிகச் சிறிய கவலை. ஆகவே மழையைப் புகழ்ந்து கவிதை பாடுவதும் மழையைத் திட்டுவதும் எனக்கு ஒரே மாதிரியாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் அங்கே வாழ்கிறவர்களைக் காணவில்லை. அவர்கள் வாழும் மழைக்குள் சில நாட்கள் விருந்தாளியாக இருந்துவிட்டு வருகிறோம் என்ற நினைவு இருந்தால் போதும்.

அன்புத் தோழியரே, நாம் எல்லோரும் இங்கிலாந்து போகப் போவதில்லை. ஹப்புத்தளைக்கோ நுவரெலியாவுக்கோ நக்கிள்ஸ் பக்கமோ போவோம். அங்கும் மழை வரும். போகும் முன் ஒரு சிறிய கொப்பியையும் ஒரு பென்சிலையும் பையில் வையுங்கள். சில பேனைகளின் மை ஈரத்தில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது. அன்று என்ன மழை, எங்கே நடந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஐந்து வரி எழுதுங்கள். நமது சஞ்சிகைக்கு வரும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் போன இடங்களின் பட்டியலாகவே இருக்கின்றன. மழை நாளொன்றை மட்டும் எழுதிய கட்டுரை ஒன்றை அடுத்த இதழில் வாசிக்க எனக்கு ஆசை.

அதைவிட முக்கியமாக, பயணத்திற்கு முந்திய இரவு உடுப்பு அடுக்கும்போதே வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு இரண்டு விடயங்களைப் பேசி முடிவெடுங்கள். எத்தனை மழைக்கோட்டு எடுப்பது? மழை பெய்யும் நாளில் யார் சமைப்பது? இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு பெயராக எழுதிக் குசினிக் கதவில் ஒட்டிவிடுங்கள். உம்மாவின் பெயர் அதில் ஒரு தடவைக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.